முதுமையில் அறிவு தேய்கிறதா?

வயது முதிர்ந்த ஒருவர் சொன்ன கதையையே மீண்டும் சொல்லத் தொடங்கினால், "கிழவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று வீட்டார் கூறுவது யாழ்ப்பாணத்து வழக்கு. இரக்கமும் நகைப்பும் கலந்த அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை. ஆனால் அம்முதியவரின் நினைவும் சிந்தனையும் மெய்யாகவே குறைந்தனவா, குறைந்தனவாயின் எவ்வளவு, எந்த வயதிலிருந்து என்று ஒருவர் வினவுவாராயின் விடை சொல்வது எளிதன்று. குறைவு என்ற சொல்லே ஓர் ஒப்பீடு. கோடையிலே கிணற்று நீர் வற்றிவிட்டது என்று சொல்பவன், மாரியிலே அது எந்தப் படிவரை நின்றது என்பதைக் கண்டிருத்தல் வேண்டும். மேனாட்டு உளநூலார் முதியோரின் அறிவை அளக்கப் புகுந்தபோது நெடுங்காலம் வரையில் அந்த மாரிக்காலப் படியைப் பாராமலே அளந்தனர். அதனால் விளைந்த பிழையும், அப்பிழை திருந்திய விதமுமே இவ்வளவையின் வரலாறாகும்.

மனிதரை வரிசையாக நிறுத்தி அவர்தம் ஆற்றல்களை அளக்கும் வழக்கத்தைப் பெருமளவில் தொடக்கியவர் ஆங்கிலேயரான பிரான்சிஸ் கால்ற்றன். 1884 ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற சுகாதாரக் கண்காட்சியில் அவர் ஓர் அளவைக்கூடத்தை அமைத்தார். மூன்று பென்சு கொடுத்து உள்ளே சென்றவருடைய பார்வை, கேள்வி, கைப்பிடியின் வலிமை முதலியன அளந்து எழுதப்பட்டன. ஒன்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு சென்று மீண்டனர். புலன்களை அளந்தால் அறிவை அளந்ததாகும் என்பது கால்ற்றனின் நம்பிக்கை. அது நிலைக்கவில்லை. ஆயினும் இளையோரையும் முதியோரையும் ஒரே நாளில் ஒரே கோலால் அளந்து, வரும் வேறுபாட்டை வயதின்மேல் ஏற்றும் முறை அவரோடு வேரூன்றிவிட்டது.

1917 இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரிற் புகுந்தபோது, றொபேட் யேர்க்ஸ் என்னும் உளநூற் பேராசிரியரின் தலைமையில் படைவீரர்களுக்கான நுண்மதிச் சோதனைகள் ஆக்கப்பட்டன. எழுத்தறிந்தோருக்கு 'அல்பா', அறியாதோருக்கு 'பீற்றா' என இரண்டு வகை. பதினேழு இலட்சம் பேருக்கு மேல் சோதிக்கப்பட்டனர். 1921 இல் வெளிவந்த அறிக்கையிலே, இளம் அதிகாரிகளைவிட வயது கூடிய அதிகாரிகள் குறைந்த புள்ளிகளே பெற்றிருந்தமை காணப்பட்டது. முப்பது வயதைத் தாண்டினாலே மூளை மங்கத் தொடங்குகிறதோ என்ற ஐயம் அன்று எழுந்தது.

ஐயத்தை உறுதியாக்கியது பத்தாண்டின் பின் வந்த ஓர் ஆய்வு. ஜோன்ஸ், கொன்ராட் என்னும் இருவர் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து நாட்டுப்புறக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தனர். நகரத்தவரும் குடியேறியோரும் கலவாத, ஒரே தன்மையான மக்கள் அங்கு வாழ்ந்தனர் என்பதே காரணம். ஊராரை ஒன்றுகூட்டுவதற்கு அவர்கள் கண்ட உபாயம் சுவையானது. இலவசமாகச் சலனப்படம் காட்டினார்கள். படம் பார்க்க வந்தவர்களுக்கு அல்பாச் சோதனையைக் கொடுத்தார்கள். வராதவர்களை வீடு தேடிச் சென்றும் சோதித்தார்கள். பத்து வயதுப் பிள்ளை முதல் அறுபது வயதுக் கமக்காரர் வரை 1,191 பேரின் புள்ளிகள் சேர்ந்தன. 1933 இல் வெளியிடப்பட்ட முடிவு இதுதான்: நுண்மதி இருபது வயதளவில் உச்சத்தை எய்துகிறது, பின்னர் மெல்லச் சரிந்து, ஐம்பத்தைந்தில் பதினான்கு வயதுச் சிறுவனின் நிலைக்கு வந்துவிடுகிறது. சொல்வளமும் பொது அறிவும் மாத்திரம் அவ்வாறு சரியவில்லை என்பதை அவர்களே குறித்திருந்தனர். அக்குறிப்பைப் பலர் கவனிக்கவில்லை; சரிந்து செல்லும் அந்தக் கோடே பாடநூல்களில் ஏறி அமர்ந்துகொண்டது. 1939 இல் டேவிட் வெக்ஸ்லர் வளர்ந்தோருக்கென வகுத்த புகழ்பெற்ற சோதனையும் வயதோடு சரியும் கோட்டையே காட்டிற்று. உடல் தளர்வது போலவே அறிவும் தளர்வது இயற்கை நியதி என்பது அவருடைய கருத்து.

இந்தக் கோட்டில் என்ன பிழை? 1930 அளவில் ஐம்பத்தைந்து வயதினராக இருந்தவர் 1875 ஐ அடுத்துப் பிறந்தவர். அவர் படித்த பள்ளிக்கூடம் வேறு, படித்த ஆண்டுகள் வேறு, உண்ட உணவும் வேறு. அவரருகில் அமர்ந்து அதே தாளை எழுதிய இருபது வயது இளைஞன் மேல்வகுப்பு வரை கற்றவன். அச்சிட்ட வினாத்தாளைக் கண்டு அஞ்சாதவன். இருவருக்குமிடையே உள்ளது முப்பத்தைந்து வயது மாத்திரமன்று, முப்பத்தைந்து ஆண்டு நாட்டு வரலாறுமாகும். பல நாடுகளில் இன்றைய இளைஞர் தம் பாட்டன்மாரைவிட உயரமானவர்கள். இருவரையும் சுவரோடு நிறுத்தி அளந்துவிட்டு, மனிதன் இருபது வயதிலிருந்தே குறுகத் தொடங்குகிறான் என்று ஒருவன் சொன்னால் நகைப்போம். உயரத்தில் எளிதிற் புலப்படும் அப்பிழை, அறிவில் ஒளிந்துகொண்டது.

ஒளிந்திருந்ததை வெளிக்கொணர்ந்தவர்களுள் ஒருவர் அயோவா மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஓவன்ஸ். 1919 இல் அக்கல்லூரியிற் புதிதாகச் சேர்ந்த 363 மாணவர்கள் அல்பாச் சோதனையை எழுதியிருந்தனர். அந்த விடைப்புள்ளிகள் கெடாமல் இருந்தன. முப்பது ஆண்டுகளின் பின், அவர்களுள் 127 பேரை ஓவன்ஸ் தேடிப் பிடித்து அதே சோதனையை மறுபடி எழுதுவித்தார். பாடநூற் கோட்டின்படி, ஐம்பதை அணுகிவிட்ட அவர்கள் யாவரும் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. மொத்தத்தில் முன்னிலும் கூடுதலான புள்ளிகளே பெற்றனர். சோதனையின் எட்டுப் பகுதிகளுள் எதிலும் பொருட்படுத்தத்தக்க வீழ்ச்சி காணப்படவில்லை. 1953 இல் இது வெளியாயிற்று. கற்றவர்கள், வாழ்விற் சிறந்தவர்கள், மீண்டும் வர இசைந்தவர்கள் ஆகியோரே இதில் உள்ளனர் என்ற மறுப்பு உடனே எழுந்தது. அம்மறுப்பில் நியாயமும் இருந்தது.

இந்நிலையில் 1956 இல் சியாட்டில் நகரிலே, வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவராயிருந்த வோர்ணர் ஷாய் என்பவர் இருவகை முறைகளையும் ஒன்றாகப் பிணைக்கும் வேலையைத் தொடங்கினார். அந்நகரத்து மருத்துவக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் அங்கத்தவருள் இருபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட 500 பேரை அவர் முதலிற் சோதித்தார். ஏழாண்டு சென்றதும், 1963 இல், அவர்களுள் ஏறக்குறைய 300 பேரை மீண்டும் சோதித்தார். அத்துடன் அதே சங்கத்திலிருந்து புதியவர்களையும் சேர்த்துக்கொண்டார். பின்னரும் ஏழாண்டுக்கு ஒருமுறை அவ்வாறே தொடர்ந்தது. கிடைத்த முடிவு இரட்டை முகமுடையது. ஒரே நாளில் அளந்த முதியோரையும் இளையோரையும் ஒப்பிட்டால் பழைய சரிவு அப்படியே தோன்றிற்று. அதே மனிதர்களை அவர்களோடே ஒப்பிட்டால், பெரும்பாலான ஆற்றல்களில் அறுபது வயது வரை சொல்லத்தக்க வீழ்ச்சி இல்லை. ஒரே ஆய்வு, ஒரே மக்கள், ஒரே சோதனை; ஒப்பிடும் விதம் மாறியதும் விடையும் மாறிற்று.

ஆற்றல்கள் அனைத்தும் ஒரே வழியிற் செல்வதில்லை என்பதும் அங்கே தெளிவாயிற்று. கண்ணாற் கண்டதை விரைந்து ஒப்பிடும் வேகம் இளமையிலேயே இறங்கத் தொடங்குகிறது. சொற்பொருள் அறியும் திறனோ நடுவயது கடந்தும் வளர்கிறது. தலைமுறைகளுக்கிடையே உள்ள வேறுபாடும் ஒரே திசையினதன்று. தருக்கத்தில் பின்வந்தோர் முன்னேறினர், எண்கணிதத்திலோ முன்வந்தோரே வல்லவர். வாய்பாட்டை மனனஞ் செய்த பழைய ஆசிரியர்கள் இதைக் கேட்டால் வியப்படையமாட்டார்கள்.

இதன்பின் 1970 களில் அமெரிக்க உளநூலாரிடையே பெருவாதம் மூண்டது. முதுமைத் தேய்வு ஒரு கட்டுக்கதையே என்று ஷாயும் போல் போல்ற்றிஸ் என்பவரும் 1974 இல் எழுதினர். கட்டுக்கதை என்பதே ஒரு கட்டுக்கதை என்ற முறையில் ஜோன் ஹோர்ண், டொனல்ட்சன் ஆகியோர் 1976 இல் விடையிறுத்தனர். ஒரே மனிதரைத் தொடர்ந்து அளக்கும் முறைக்கும் குற்றமுண்டு. முதலாவது, நோயுற்றோரும் தளர்ந்தோரும் இடையில் விலகிவிடுகின்றனர்; நல்ல நிலையில் உள்ளோரே திரும்பத் திரும்ப வருகின்றனர். எனவே சராசரி செயற்கையாக உயர்கிறது. இரண்டாவது, ஒருமுறை எழுதிய சோதனையை மறுமுறை எழுதுபவருக்குப் பழக்கம் துணைசெய்கிறது. தேய்வு இருந்தாலும் அப்பழக்கம் அதை மறைத்துவிடக்கூடும். வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துத் திமொதி சோல்ற்ஹவுஸ் 2009 இல் இதனையே சுட்டி, சில ஆற்றல்கள் இருபது, முப்பது வயதுகளிலேயே தேயத் தொடங்குகின்றன என்று வாதிட்டார். ஆக, ஒரு முறை தேய்வை மிகைப்படுத்துகிறது, மற்றது குறைத்துக் காட்டுகிறது. உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ கிடந்தது. அதனை எட்டுவதற்கு வேண்டியது, ஒரு நாட்டின் மக்கள் முழுவதையும் சிறுவயதிலே ஒருமுறை அளந்து, எவரும் மறந்துபோன ஒரு கணக்கு.

அத்தகைய கணக்கு ஸ்கொட்லாந்தில் இருந்தது.

1932 ஜூன் முதலாந் தேதி புதன்கிழமை, 1921 இற் பிறந்து அந்நாட்டுப் பாடசாலைகளிற் பயின்ற பிள்ளைகள் ஏறத்தாழ அனைவரும் ஒரே சோதனையை எழுதினர். 87,498 பிள்ளைகள், நாற்பத்தைந்து நிமிடம், 71 வினாக்கள். வினாத்தாள் எடின்பரோவிலுள்ள மோரே ஹவுஸ் ஆசிரிய கலாசாலையில் ஆக்கப்பட்டது. சோதனையை நடத்தியவர்கள் வகுப்பாசிரியர்களே. முழுத் திட்டத்துக்கும் பின்னின்றவர் கொட்பிரி தொம்சன் என்னும் பேராசிரியர். ஓர் ஆண்டிற் பிறந்த ஒரு நாட்டுப் பிள்ளைகள் அனைவரையும் இவ்வாறு அளந்த நாடு வேறொன்றை உளநூல் வரலாறு அறியாது.

1947 ஜூனில் 1936 இற் பிறந்த பிள்ளைகளுக்கு அதே சோதனை மறுபடி நடந்தது. அப்போது எழுதியோர் 70,805 பேர். இரண்டாவது சோதனைக்கு ஓர் அச்சமே காரணம். நுண்மதி குறைந்தோர் குடும்பங்களிற் பிள்ளைகள் மிகுதி. ஆதலால் தலைமுறைக்குத் தலைமுறை நாட்டின் அறிவு கீழிறங்கும் என்று அக்காலத்து மேலோர் பலர் நம்பினர். கால்ற்றன் விதைத்த இனமேம்பாட்டுக் கொள்கையின் நிழல் அது. கணக்குப் பார்த்தபோது சராசரி 34.5 இலிருந்து 36.7 ஆக உயர்ந்திருந்தது! அச்சம் பொய்த்தது. பேரேடுகள் கட்டி வைக்கப்பட்டன. அதன்பின் அவற்றைக் கேட்பாரில்லை.

ஐம்பது ஆண்டுகள் சென்றன. பதினொரு வயதிற் பென்சிலைக் கடித்துக்கொண்டு விடையெழுதிய அச்சிறுவர் போருக்குச் சென்றனர், சுரங்கங்களிலும் கப்பற் பட்டறைகளிலும் வேலை செய்தனர், பேரப்பிள்ளைகளைக் கண்டனர், பலர் மாண்டனர். 1997 இல் அபர்டீன் பல்கலைக்கழகத்து மனநோய் மருத்துவப் பேராசிரியர் லோறன்ஸ் வொலியும், எடின்பரோவைச் சேர்ந்த உளநூற் பேராசிரியர் இயன் டியரியும் அந்தப் பேரேடுகளின் பெறுமதியை உணர்ந்து அவற்றைத் தேடினர். எடின்பரோவில் ஒரு நிலவறையில் அவை கிடந்தன. ஒவ்வொரு பாடசாலையாக, ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பிறந்த நாளும் புள்ளியும் கையால் எழுதப்பட்டிருந்தன. சில பிரதேசங்களின் ஏடுகள் காணப்படவில்லை. எஞ்சியவையே பெருஞ்செல்வம். கிணற்றில் மாரிக்கால நீர் நின்ற படி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

1998 ஜூன் முதலாந் தேதி, முதற் சோதனை நடந்து சரியாக அறுபத்தாறு ஆண்டுகள் நிறைந்த நாளில், அபர்டீன் நகரத்து இசை மண்டபத்திலே எழுபத்தேழு வயது முதியோர் மேசைகளின் முன் அமர்ந்தனர். அதே வினாக்கள், அதே அறிவுறுத்தல்கள், அதே நாற்பத்தைந்து நிமிடம். இருமுறையும் எழுதிய 101 பேருடைய புள்ளிகள் ஒப்பிடப்பட்டன. அவர்களின் சராசரி பதினொரு வயதிற் பெற்றதைவிட உயர்ந்தே இருந்தது. அதைக்காட்டிலும் பெறுமதி வாய்ந்தது மற்றொரு முடிவு. சிறுவயதில் முன்னின்றவர் பெரும்பாலும் முதுமையிலும் முன்னின்றனர். இரு வரிசைகளுக்கும் உள்ள தொடர்பை 0.63 என்று கணித்தனர்; முற்றான ஒற்றுமையாயின் அது 1 ஆகும், தொடர்பே இல்லையாயின் 0. வந்திருந்தோர் தம் வயதினருள் சற்றுத் திறமை மிக்கோர் என்பதைக் கருதித் திருத்தினால் 0.73 ஆயிற்று. எழுபத்தேழு வயதினருக்கிடையே காணப்படும் அறிவு வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி, அவர்கள் பதினொரு வயதினராக இருந்தபோதே இருந்தது என்பது இதன் பொருள்.

மற்றப் பாதி? அதுவே ஆராய்ச்சிக்குரிய நிலம். ஒருவர் தம் இளமைக் கணக்கு எதிர்பார்க்கச் செய்ததைவிட மேலே நிற்கிறாரா, கீழே நிற்கிறாரா, ஏன் என்று இப்போதுதான் கேட்க முடிந்தது. எடின்பரோவையும் அயலையும் கொண்ட லோதியன் பிரதேசத்தில், 1921 இற் பிறந்தோர் 550 பேரும் பின்னர் 1936 இற் பிறந்தோர் 1,091 பேரும் சேர்க்கப்பட்டனர். முன்னவர் எழுபத்தொன்பது வயதிலிருந்து தொண்ணூறைத் தாண்டும் வரை அளக்கப்பட்டனர். பின்னவர் எழுபதில் தொடங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்தனர்.

பேரேட்டின் பயன் உடனே தெரிந்தது. முதுமை மறதி நோயோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு பரம்பரை அலகை உடையோரும் அஃது இல்லாதோரும் பதினொரு வயதிலே ஒரே அளவினராக இருந்தனர். எழுபத்தொன்பதிலோ அலகை உடையோர் பின்தங்கியிருந்தனர். இது 2002 இல் வெளியாயிற்று. பிறப்பிலிருந்தே உடலில் இருந்த ஒன்று, அறுபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியில் மெல்லத் தன் வேலையைச் செய்திருக்கிறது. பேரேடு இன்றேல், அவர்கள் என்றும் அப்படித்தான் இருந்தார்களோ என்ற ஐயம் நீங்கியிராது.

வேறு சில ஆறுதல்களை அதே பேரேடு பறித்துக்கொண்டது. கோப்பி அருந்தும் முதியோர் சோதனைகளில் நன்கு செய்கின்றனர் என்பதைக் கண்டு, கோப்பி மூளையைக் காக்கிறது என்று கூறப்படுவதுண்டு. லோதியன் முதியோரிடமும் அத்தொடர்பு காணப்பட்டது. ஆனால் அவர்களின் பதினொரு வயதுப் புள்ளியைக் கணக்கிற் சேர்த்ததும் அது பெரும்பாலும் மறைந்துவிட்டது. கோப்பி அறிவைக் காக்கவில்லை. அறிவிற் சிறந்த பிள்ளைகள் வளர்ந்து கோப்பி விரும்பும் பெரியோராயினர் என்பதே பொருத்தமான விளக்கம். புதிர்களும் சதுரங்கமும் தேய்வைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் அப்படியே சோதிக்கப்பட்டது. அபர்டீனில் 1936 இற் பிறந்த ஏறக்குறைய 500 பேரைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்த ஆய்வு 2018 இல் வெளிவந்தது. வாழ்நாள் முழுதும் சிந்தனைக்கு வேலை கொடுத்தோர் முதுமைக்குள் உயர்ந்த படியிலிருந்து நுழைந்தனர். இறங்கும் வேகமோ அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றே. உயரத்திலிருந்து இறங்குபவர் அடியை எட்டக் காலம் கூடும் என்பது மெய்தான். அது சிறிய நன்மையன்று.

இவையெல்லாம் பேரேடு உள்ள நாட்டின் கதை. மருத்துவசாலைக்கு ஒரு முதியவரை மகள் கைபிடித்து அழைத்து வரும்போது வைத்தியரின் மேசையில் எந்தப் பேரேடும் இல்லை. அங்கு பெரிதும் வழங்குவது 1975 இல் அமெரிக்கரான போல்ஸ்ரீன் தம்பதியரும் மக்கியூ என்பவரும் வகுத்த முப்பது புள்ளிச் சிறுசோதனை. இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று சொற்களை நினைவில் வையுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வசனம் எழுதுங்கள் என்றவாறு அது செல்லும். சில நிமிட வேலை. இருபத்துநான்குக்குக் குறைந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. பள்ளிக்கூடமே செல்லாத ஒரு கிழவியிடம் நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னால் என்ன நேரும்? அவர் இழந்ததையன்று, என்றும் பெறாததையே அச்சோதனை அளக்கும். நியூ இங்கிலாந்துக் கமக்காரருக்கு 1933 இல் நேர்ந்த அநீதியே மறுபடி நேரும்.

இந்தியாவிலே ஹரியானா மாநிலத்துப் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு நடத்திய மேரி கங்குலியும் குழுவினரும் இதை எதிர்ப்பட்டனர். அங்குள்ள முதியோரிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். எனவே சோதனையை இந்தி மொழிக்கு மாற்றியபோது, சொல்லை மாத்திரம் மாற்றாமல் கேள்வியையே மாற்றினர். ஒரு வசனம் எழுதுங்கள் என்பதற்குப் பதிலாக, உங்கள் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள் என்று கேட்டனர். நாட்காட்டித் தேதியை அறியாதவரும் இது காலையா மாலையா என்று அறிவார். 1995 இல் வெளிவந்த அந்த இந்திச் சோதனை, எழுத்தறியா மக்களிடையே மறதி நோயை அளக்க விரும்பிய பிறருக்கும் வழிகாட்டிற்று. அங்கும், ஒருமுறை அளந்து தீர்ப்புக் கூறுவதைவிட இரண்டு ஆண்டு சென்று மறுமுறை அளந்து, அவரையே அவரோடு ஒப்பிடுவது நம்பகமானது. வீட்டாரிடம் விசாரிப்பதும் அதன் பாற்பட்டதே. முன்பு சந்தைக் கணக்கை மனத்தாற் போட்டவர் இப்போது தடுமாறுகிறாரா என்று மகள் சொல்லும் சொல், பேரேடு இல்லாத நாட்டின் பேரேடு.

லோதியன் முதியோரிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. தாங்கள் இறந்தபின் தங்கள் மூளையை ஆராய்ச்சிக்கு அளிக்க விரும்புவீர்களா என்பது அக்கேள்வி. பலர் இசைந்தனர். அவர்களுட் சிலருடைய மூளைத் திசுக்கள் இப்போது எடின்பரோவிற் பாதுகாக்கப்படுகின்றன. உரியவர் பதினொரு வயதில், 1947 ஜூன் மாதத்து ஒரு புதன்கிழமை, பள்ளி மேசையிலிருந்து எழுதிப் பெற்ற புள்ளிகளோடு அவை ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன.